குளிரைக் காய்ச்சிய அடுப்பு

2025 ஜூலையில் ஒரு நள்ளிரவு கழிந்த நேரம் என் தம்பி கனடாவிலிருந்து அழைத்தான். பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு அந்த நேரத்து அழைப்பு புதிதல்ல. ஆனால் உறவினர் அழைத்தால் நெஞ்சு ஒரு தடவை அடித்து நிற்கத்தான் செய்கிறது.

"அண்ணே, தூங்கிட்டீங்களா? பயப்படாதீங்க. ஒரு சின்ன விசயம். அப்பாவோட மண்ணெண்ணெய் பிரிட்ஜ் ஞாபகம் இருக்கா?"

நாற்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் வீட்டில் எவருமே வாயால் சொல்லாத ஒரு பொருள் அது. தூக்கம் போய்விட்டது.

விடயம் இதுதான். தம்பி மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு கேம்பர் வண்டியில் ரொக்கி மலைக்குப் போயிருக்கிறான். படுக்கை, அடுப்பு, சிறு குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலையோரம், 1,800 மீட்டருக்கு மேலே, மின்சாரம் செருகுவதற்குக் கம்பம் எதுவும் இல்லாத ஒரு முகாமில் இரண்டு நாள் தங்கியிருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் அந்தப் பெட்டி புரோப்பேன் எரிவாயுவில் ஓட வேண்டும். சுடர் எரிகிறது, ஆனால் உள்ளே குளிரவில்லை. பால் திரிந்துவிட்டது. பால் போனால் போகட்டும். தம்பி மனைவிக்கு நீரிழிவு. ஒரு மாதத்துக்கான இன்சுலின் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. மேலே தொலைபேசி எடுக்காததால் லேக் லூயிஸ் என்ற சிற்றூருக்கு இறங்கி வந்து என்னை அழைக்கிறான். வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள் "கையேட்டைப் பாருங்கள்" என்றார்களாம்.

"பின்பக்கத்து மூடியைக் கழற்றிப் பாத்தேன் அண்ணே. அப்படியே அப்பாவோட பெட்டி. அதே குழாய், அதே புகைபோக்கி. எண்ணெய்க்குப் பதிலா காஸ். அவ்வளவுதான்."

அவன் சொன்னது சரி. அதை விளக்க நான் நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே என் அப்பா தோட்ட மருந்தகத்தில் டிஸ்பென்சராக இருந்தார். தொழிலாளர் அவரை "டாக்டரய்யா" என்பார்கள். அவர் டாக்டர் அல்லர் என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டாக்டர் வர முடியாத மலையில் அந்தச் சொல் ஒரு மரியாதைக் கடன்.

குளிரூரில் குளிர்சாதனப் பெட்டி எதற்கு என்று கேட்பவர் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும். ஹட்டன் அதைவிடத் தாழ்வு, ஆயினும் இரவில் இரண்டு கம்பளி வேண்டும். சட்டியில் வைத்த மீன்குழம்பு மறுநாளும் கெடாத ஊர். எங்களிடம் இல்லாதது குளிர் அல்ல, அளவான குளிர். தடுப்பு மருந்துகளுக்கு 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிர் வேண்டும். இரவில் பத்தும் பகலில் இருபத்தைந்துமாக ஏறி இறங்கும் மலைக்காற்று அதைத் தராது.

இலங்கையில் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. அதையடுத்த ஆண்டுதான் பெரிய துரையின் பங்களாவுக்கு மின்கம்பி வந்தது. அதுவரை அங்கே மண்ணெண்ணெயில் ஓடிய எலெக்ட்ரோலக்ஸ் பெட்டி ஒன்று வேலையற்றுப் போனது. அப்பா துரையிடம் நேரே போய்க் கேட்டு வாங்கிவிட்டார். எட்டுப் பேர் கம்பில் கட்டிச் சுமந்து, தேர் இழுப்பதைப் போலச் சத்தமிட்டுக்கொண்டு, பங்களா மேட்டிலிருந்து மருந்தகத்துக்கு இறக்கினார்கள். இறக்கி வைத்த பெட்டி குளிரவில்லை. இரண்டு நாள் எரித்துப் பார்த்தும் பயனில்லை. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, பங்களாவின் பழைய சமையற்காரர் அப்பு வந்து பார்த்தார்.

"தலைகீழாப் போடுங்க ஐயா. ஒரு ராத்திரி கெடக்கட்டும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பேய் பிடித்தவனைத்தான் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், பெட்டியையுமா? ஆனாலும் வேறு வழியில்லை. சாக்கு விரித்துத் தலைகீழாக வைத்தார்கள். இரவு முழுவதும் அதன் வயிற்றுக்குள் களக் களக் என்று ஏதோ இறங்கும் ஓசை கேட்டது. மறுநாள் நிமிர்த்தி, சில மணி நேரம் ஆறவிட்டு, திரியைப் பற்ற வைத்தார்கள். அந்தி நேரத்தில் உள்தகட்டில் வெண்பனி பூத்திருந்தது.

அப்பு சொன்னது மந்திரம் அல்ல, இயந்திரத்தின் இயல்பு என்பதைப் பல வருடம் கழித்து வாசித்துத்தான் அறிந்தேன். நான் பேராதனையில் கலைப்பீடத்தில் படித்தவன். விஞ்ஞானத்தை என் மொழியில்தான் சொல்ல முடியும்.

நம் வீடுகளில் உள்ள மின்சாரப் பெட்டியில் ஒரு அமுக்கி இருக்கிறது, அது உறுமும். இந்தப் பெட்டியிலோ அசைகிற உறுப்பு எதுவுமில்லை. 1922இல் ஸ்டொக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வொன் பிளேட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. 1925இல் எலெக்ட்ரோலக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. ஐன்ஸ்டைனும் சிலார்டும் இதே வழியில் ஒரு பெட்டியைச் சிந்தித்துக் காப்புரிமை பெற்றார்கள் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அமெரிக்கக் காப்புரிமை 1930இல் கிடைத்தது. அவர்கள் பெட்டி கடைக்கு வரவில்லை. ஸ்வீடன் மாணவர்களின் பெட்டி ஆபிரிக்கக் காட்டுக்கும் ஆஸ்திரேலியப் பாலைக்கும் எங்கள் தேயிலை மலைக்கும் வந்து சேர்ந்தது.

அடைத்து மூடிய குழாய்களுக்குள் மூன்று பொருள் இருக்கின்றன: நீர், அமோனியா, ஹைட்ரஜன். அமோனியா கரைந்த நீரைச் சுடர் சூடாக்குகிறது. அமோனியா ஆவியாகி, கொதிக்கும் குமிழிகளாக நீரையும் ஒரு மெல்லிய குழாய் வழியே மேலே தள்ளிக்கொண்டு போகிறது. மேலே நீர் பிரிந்து கீழிறங்குகிறது. தனித்த அமோனியா பின்பக்கத்துத் தகடுகளில் சூட்டை உதறித் திரவமாகிறது. அது பெட்டிக்குள் இறங்கும் இடத்தில் ஹைட்ரஜன் காத்திருக்கிறது. ஈரச்சேலையை ஈரமில்லாத காற்றில் விரித்தால் சட்டென்று உலர்வதைப் போல, ஹைட்ரஜன் நடுவே திரவ அமோனியா மீண்டும் ஆவியாகிறது. சேலை உலரும்போது உடுத்தியவளுக்குக் குளிர்வதைப் போல, அது ஆவியாகும்போது பெட்டிக்குள் உள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் பிறகு அமோனியாவும் ஹைட்ரஜனும் சேர்ந்து கீழே இறங்க, முன்பு பிரிந்துபோன நீர் வழியில் நின்று அமோனியாவை மட்டும் குடித்துவிடுகிறது. ஹைட்ரஜன் விடுபட்டு மேலே போகிறது. அமோனியா நீர் மறுபடி சுடருக்கு வருகிறது. நெருப்பைக் கொடுத்தால் குளிரைக் காய்ச்சித் தருகிற அடுப்பு என்று இதைச் சொல்லலாம்.

இத்தனையும் நடப்பது புவியீர்ப்பினால். நீர் சரியான சரிவில் வழிந்தால்தான் சுற்று முடியும். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் திரவம் ஒரு வளைவில் தேங்கும், சுற்று நின்றுவிடும். சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருந்தால், குழாய் அரிக்காதிருப்பதற்காக உள்ளே கலந்த உப்பு படிகமாகி அடைத்துக்கொள்ளும். தலைகீழாகப் போட்டால் தேங்கியது கலைந்து மீண்டும் ஓட வாய்ப்புண்டு. அப்புவின் வைத்தியம் அதுதான்.

அந்த நாள் முதல் அப்பாவின் மேசையில் ஒரு கண்ணாடிப் போளை இருந்தது. என் சட்டைப்பையிலிருந்து பறிமுதல் செய்தது. ஒவ்வொரு திங்களும் அதைப் பெட்டியின் தலையில் வைப்பார். உருண்டால், உருண்ட பக்கத்துக் காலின் கீழ் தேயிலைப்பெட்டிப் பலகையின் துண்டு ஒன்று செருகப்படும். போளை நின்ற இடத்தில் நின்றால் "ம்" என்பார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

இந்த இடத்தில் ஒரு கசப்பைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. நாங்கள் மண்ணெண்ணெயில் குளிர் காய்ச்சிக்கொண்டிருந்த இடம் இலங்கையின் மின்சாரத் தொட்டில். டி. ஜே. விமலசுரேந்திர இந்த ஆறுகளின் வலிமையை 1918இலேயே கணக்கிட்டு எழுதினார். லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ நீர் 1965 முதல் நோர்ட்டன்பிரிட்ஜில் அவர் பெயர் தாங்கிய நிலையத்தைச் சுழற்றியது. மவுசாகலை அணை 1969இல் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. நீர் வற்றும் காலத்தில் கோயிலின் சிதைவுகள் இன்றும் தலைகாட்டும். பெரும் மின்கம்பிகள் எங்கள் லயங்களின் கூரைக்கு மேலால் கொழும்புக்குப் போயின. கூரைக்குக் கீழே குப்பி விளக்கு. மழைநாளில் அந்தக் கம்பிகள் உஸ்ஸென்று இரையும். "கரண்டு பேசிக்கிட்டுப் போகுது" என்பார்கள் கிழவிகள். எங்களோடு அது பேசியதில்லை. லயக்காம்பராக்களில் பெருவாரியாக விளக்கெரிந்தது எவ்வளவோ பிந்தித்தான்.

ஆகவே பெட்டியின் சுடரைப் பேணுவது வீட்டுக்குள்ளே ஒரு வேலையாயிற்று. அந்த வேலை எனக்கு வந்தது. பெட்டியின் அடியில் இழுப்பறையைப் போல ஒரு தட்டையான எண்ணெய்த் தொட்டி. அதன் ஓரத்தில் திரி, மேலே புகைபோக்கி. குனிந்து பார்க்க வசதியாக ஒரு சிறு முகக்கண்ணாடி. நீலமாக எரிந்தால் நலம். மஞ்சளாக எரிந்தால் புகைக்கரி படியும், கரி படிந்தால் சூடு மேலே ஏறாது, குளிர் குறையும். வாரம் ஒரு முறை எண்ணெய் ஊற்றி, திரியின் கருகலைத் துடைத்து, மட்டமாக வெட்ட வேண்டும். குளிரைக் கூட்டுவதும் குறைப்பதும் திரியை ஏற்றி இறக்குவதில்தான். வேறு கட்டுப்பாடு கிடையாது. காலையும் மாலையும் உள்ளே தொங்கும் வெப்பமானியைப் பார்த்து அப்பா ஒரு பதிவேட்டில் எழுதுவார்.

1982 பெப்ரவரி. எனக்குப் பன்னிரண்டு வயது நிறைந்திருந்தது. 16ஆம் திகதி செவ்வாய்க்கிழமை முக்கூட்டுத் தடுப்பு மருந்து ஐஸ் பெட்டியில் வந்து எங்கள் பெட்டிக்குள் இறங்கியது. வியாழக்கிழமை காலை பிள்ளைக்காம்பராவில் ஊசி. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி மூன்றுக்கும் ஒரே மருந்து. மேல்மலை, கீழ்மலை இரண்டு பிரிவிலும் தமுக்கடிக்காத குறையாகச் சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை, 17ஆம் திகதி, இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடத் தொடங்கியது. கொழும்பில் சரவணமுத்து மைதானம், எதிரே இங்கிலாந்து. பாடசாலை விட்டதும் நான் நேரே கிளார்க்கர் வீட்டு வானொலிக்கு ஓடினேன். நான்கு விக்கெட்டுகள் மளமளவென்று போன பிறகு, அர்ஜுன ரணதுங்க என்ற பள்ளிக்கூட மாணவர் அரைச்சதம் அடித்தார் என்று கேட்டு, நானே அடித்ததைப் போல இருட்டும் வரை திளைத்திருந்தேன். புதன்கிழமைதான் எண்ணெய் ஊற்றும் நாள் என்பது மறந்துபோயிற்று.

ஏழு மணிக்கு மேல் வீடு வந்து மருந்தகத்துக்குள் போனேன். முகக்கண்ணாடி இருண்டு கிடந்தது. தொட்டி வற்றித் திரி கருகி அணைந்திருந்தது. கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன்: 9. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. அதிகம் ஆகியிருக்காது. இப்போது நினைத்தால், அப்பாவிடம் அப்போதே போய்ச் சொல்லியிருந்தால் மருந்துக்கு எதுவும் ஆகியிருக்காது. ஒன்பது பாகையில் சில மணி நேரத்தை அந்த மருந்து தாங்கும்.

நான் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்றினேன், திரியை வெட்டினேன், பற்ற வைத்தேன். காலையில் அப்பா பார்ப்பதற்குள் வெப்பமானி இறங்கிவிட வேண்டும் என்று, புகை வராத எல்லை மட்டும் திரியை உயர்த்தினேன். நல்ல நீலச்சுடர். எனக்கு என் கைத்திறனில் பெருமை கூட வந்தது. பாடம் படிப்பதாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

பெப்ரவரி மலைக்கு மழையில்லாத மாதம். வானம் தெளிந்து இரவு கொட்டும் குளிர். வெளியே குளிர், உள்ளே முழுச்சுடர். விடியும்போது பெட்டி தன் வேலையைத் தேவைக்கு மேலே செய்து முடித்திருந்தது. உள்தகட்டை ஒட்டி அடுக்கியிருந்த குப்பிகள் உறைந்துவிட்டன.

சூட்டினால் மருந்து கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். குளிரினாலும் கெடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. முக்கூட்டு மருந்தில் உள்ள அலுமினியச் சேர்மம் உறைந்தால் கட்டிகட்டியாகிவிடும். உருகிய பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பாது. அப்பா ஒரு குப்பியை உள்ளங்கையில் வைத்து உருகவிட்டுக் குலுக்கினார். நல்ல மருந்து பால் கலந்த நீரைப் போல நெடுநேரம் கலங்கி நிற்கும். அதில் துகள்கள் பிரிந்து அடியில் இறங்கின. மற்றொன்றைக் குலுக்கினார். மூன்றாவதைக் குலுக்கவில்லை.

"திரியை யார்டா தூக்கினது?"

"தெரியாதுப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கினார். நான் பின்னால் போனேன். கொழுந்துக்கூடையை மலையில் வைத்துவிட்டு, அரைப்பேர் போய்விடுமே என்ற கவலையோடு தாய்மார் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டிருந்தார்கள். ஊசிக்கு இப்படி அலங்கரித்து வருவார்கள். டாக்டரய்யா முன்னால் பிள்ளை அழகாக இருக்க வேண்டும். அப்பா அவர்கள் முன் நின்று, "மருந்து கெட்டுப்போச்சு அம்மா. என் தப்பு. அடுத்த மாசம் வாங்க" என்றார். ஒருவரும் கோபிக்கவில்லை. "பரவாயில்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி மலையேறினார்கள். கோபித்திருந்தால் எனக்கு இத்தனை காலம் நினைவிருந்திராது.

மார்ச் மாதத்தில் மேல்மலைப் பிரிவில் ஒரு கைக்குழந்தைக்குக் குக்கல் வந்தது. ஊசிக்காக வந்து திரும்பிய பிள்ளைகளில் ஒன்று. அந்த ஒரு ஊசி போட்டிருந்தால் வந்திராது என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு தடவை மருந்து முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை, மூன்று தடவை வேண்டும். அப்பா அதைப் பின்னாளில் பொதுவாக ஒருமுறை சொன்னார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதை ஆறு வாரம் மருந்தகத்துக்குத் தூக்கிவந்தார்கள். மூச்சுக்கு இடைவெளியில்லாமல் இருமி இருமி, முகம் நீலம் பாரித்து, கடைசியில் கூவென்று ஒரு இழுப்பு இழுக்கும். நீலம் என்றால் நலம் என்று சுடரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நீலம் வேறு. நான் அந்த ஆறு வாரமும் மருந்தகத்தின் பின்வாசலால்தான் போய்வந்தேன்.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்குப் போளை நினைவில்லை. சுடர் மட்டும் நினைவிருக்கிறது.

நான் தொலைபேசியில் அவனிடம் முதலில் கேட்டது இன்சுலின் பற்றி. திறந்து பாவிப்பதை அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை வைக்கலாம் என்றுதான் பெரும்பாலான வகைகளின் தாளில் இருக்கும். திறக்காத கையிருப்புக்குத்தான் 2 முதல் 8 பாகை வேண்டும். பெட்டிக்குள் எவ்வளவு என்றேன். 13 என்றான். இரண்டு நாள் 13 பாகையில் இருந்ததால் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை, அங்கே மருந்துக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன்.

இரண்டாவது, சுடரின் நிறம். நீலம் என்றான். 1,700 மீட்டருக்கு மேலே போனால் எரிவாயுப் பெட்டிகள் இடக்குச் செய்யும் என்று உற்பத்தியாளர்களே எழுதுகிறார்கள். காற்று மெலிந்தால் சுடருக்கு மூச்சு முட்டும். மஞ்சளாகும், கரி கக்கும், சிலவேளை அணைந்துவிடும். அப்படியானால் சற்றுத் தாழ்வான இடத்துக்கு இறங்குவதே வழி. நுவரெலியா உயரத்தில் நின்றவனுக்கு அந்த ஆபத்து இருந்தது. நீலமாக எரிந்தபடியால் அது காரணமில்லை. எரிவாயு போதுமா? போதும் என்றான். அப்படிப்பட்ட சிறிய பெட்டி நாளொன்றுக்கு 300 கிராமிலிருந்து அரைக் கிலோ வரைதான் எடுக்கும். நம் வீட்டு 12.5 கிலோ சிலிண்டர் என்றால் மூன்றரை வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை தாங்கும். குளிரிலும் புரோப்பேன் முரண்டு பிடிக்காது. பியூட்டேன் பூச்சியப் பாகைக்குக் கிட்டப் போனால் ஆவியாக மறுக்கும். புரோப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 வரை ஆவியாகும்.

மூன்றாவது கேள்வி: "வண்டி எப்படி நிக்குது?"

"எப்படின்னா?"

"சரிஞ்சு நிக்குதா, மட்டமா நிக்குதா?"

சற்று நேரம் பேச்சில்லை. மேலே முகாமில் ஏரியைப் பார்த்தபடி சரிவில் நிறுத்தியிருந்தானாம். காட்சி நன்றாயிருந்ததாம். இரவில் பிள்ளைகள் ஒரு பக்கமாக உருண்டு வந்து ஒருவர் மேல் ஒருவர் தூங்கினார்களாம்.

"ஒரு போளை இருக்கா?" என்றேன். கனடாவில் நள்ளிரவுப் போளைக்கு எங்கே போவது என்பதைப் போலச் சிரித்தான். அங்கே நடுப்பகல் என்பதை நான் மறந்திருந்தேன். தோடம்பழம் கிடைத்தது. பெட்டிக்குள் தட்டில் வைத்ததும் உருண்டு விழுந்தது. மட்டமான தரைக்கு வண்டியை நகர்த்து, சுடரை அணை, சில மணி நேரம் ஆறவிடு, பிறகு பற்றவை, இன்றிரவு அங்கேயே தங்கு என்றேன். இந்தப் பெட்டி அவசரத்துக்கு உதவாது; வெறும் பெட்டி குளிர்வதற்கே அரைநாளுக்கு மேல் வேண்டும். வெளிமூடியின் காற்றுத் துளைகளை அடைக்காதே, எரிபொருள் நிலையத்துக்குள் நுழையும்போது சுடரை அணைத்துவிடு என்றும் சொன்னேன்.

கடைசியாக, "இன்சுலினை உள்தகட்டில படாம வை. உறைஞ்சா அதோட சரி. கூட்டுற விசையை முழுசாத் திருப்பாத" என்றேன்.

"ஏன் அண்ணே? சீக்கிரம் குளிருமே?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். 1982 பெப்ரவரியை முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். நடுப்பகல் வெயிலில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் நின்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான்.

தெரிந்திருந்தது. அதை நான் அறிந்தது அப்பா இறந்த பிறகு, அவர் தகரப்பெட்டியில் அந்தப் பதிவேட்டைக் கண்டபோது. மருந்தகத்தில் இருக்க வேண்டிய பதிவேடு ஏன் வீட்டுக்கு வந்தது என்று தெரியாது. 1982 பெப்ரவரி 17, மாலை என்ற கட்டத்தில் வெப்பநிலை எழுதப்படவில்லை. அன்று மாலை அவர் மேல்மலையில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். 18 காலைக் கட்டத்தில் அவர் கையெழுத்து: முக்கூட்டு மருந்து உறைந்தது, பாவனைக்கு உதவாது, காரணம் என் கவனக்குறைவு. கீழே ஒப்பம். பக்கத்தில் அதே நிறமில்லாத இன்னொரு மையில், பின்னொரு நாளில் எழுதியதைப் போல, ஒரே ஒரு வரி: புதன்கிழமை எண்ணெய் இனி நானே ஊற்ற வேண்டும்.

எண்ணிப் பார்த்தேன். அந்த மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் திரி வெட்டச் சொன்னதேயில்லை. பெரிய வகுப்புக்குப் போய்விட்டேன், படிக்கட்டும் என்று விட்டார் என நினைத்திருந்தேன்.

மறுநாள் தம்பியிடமிருந்து ஒரே எண் வந்தது: 4.

அந்தப் பெட்டி மருந்தகத்தில் இன்னும் பல வருடம் ஓடியது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதெனச் சான்றிதழ் பெற்றது. அந்தச் செய்தியைப் பக்கத்தில் வைத்தபோது, திரி வெட்டி, போளை வைத்து, காலையும் மாலையும் எண் எழுதிய எத்தனையோ பேரை எந்தத் தலைப்பிலும் சேர்க்க இயலவில்லை. மண்ணெண்ணெய்ப் பெட்டியின் காலம் முடிந்தது. மின்சாரமில்லாத மருந்தகங்களுக்கு இப்போது சூரிய ஒளியில் நேரடியாக ஓடும் பெட்டிகள் வந்துவிட்டன. திரியை யாரும் ஏற்றிவிட முடியாது. நல்லதுதான்.

ஆனாலும் மின்கம்பியை முழுதாக நம்பிய நமக்கு அடிக்கடி பாடம் கிடைக்கிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அவ்வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது மண்சரிந்து, வீதி அறுந்து, மின்சாரமும் போயிற்று. அந்த நாள்களில் செய்தி அறையில் இருந்த எனக்கு, இருண்ட லயங்களையும் மூடுண்ட பாதைகளையும் பற்றிய செய்திகளுக்கு நடுவே, எங்கெங்கோ குளிர்ப்பெட்டிக்குள் எவரெவருடைய இன்சுலின் சூடேறிக்கொண்டிருக்கிறது என்ற நினைவே திரும்பத் திரும்ப வந்தது.

பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. அச்சில் தவறு போனால், சிறியதாகவேனும், உள்பக்கத்திலேனும், திருத்தம் போட வேண்டும். மற்றவர்களின் எத்தனையோ தவறுகளுக்கு நான் திருத்தம் எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றைப் போடாமல் விட்டிருந்தேன்.

திருத்தம்: 1982 பெப்ரவரி 18ஆம் திகதி காலைப் பதிவில், மருந்து உறைந்ததற்குக் காரணம் டிஸ்பென்சரின் கவனக்குறைவு என்று எழுதப்பட்டுள்ளது. அது தவறு. திரியை உயர்த்தியவர் டிஸ்பென்சரின் மூத்த மகன்.